மிளகு அறைக்குள் போனவர்

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டுவதை நிறுத்தினார். அதற்காக நான் உட்கார்ந்து அழுதேன். இதைச் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் அந்தக் கார்த்திகை மாதம் முழுக்க நான் பயந்து செத்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் ஊடு என்றால் வீடு என்று போட்டுக்கொள்கிறாள். படித்த பிள்ளை, போட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் பேசியதையாவது பேசிய மாதிரியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மலைக்காரர்களிடம் மிளகு வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பவர். அவரை எல்லோரும் பாய் என்பார்கள், என்னைப் பாயம்மா என்பார்கள். நான் கல்யாணமாகி மலையேறிய நாளில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். அன்றைக்கே அவர் என்னைத் திட்டினார். புதுப்பெண் என்றுகூடப் பார்க்கவில்லை. அதிலிருந்து நிற்கவே இல்லை. டீ ஆறினால் திட்டு, கண்டக்டர் சில்லறை தராவிட்டால் வீட்டுக்கு வந்து எனக்குத் திட்டு. எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் குறைந்தாலும் தட்டு நகரும் சத்தம் கேட்கும். "கழுதை, நாக்கு இருக்குதா உனக்கு?" என்பார். இருக்குதுங்க என்று நாக்கை நீட்டிக் காட்டுவேன். அதற்கும் ஒரு திட்டு விழும். நல்ல மனுஷர்தான். காய்ச்சல் என்று படுத்தால் கால் பிடித்துவிடுவார், பிடித்துக்கொண்டே திட்டுவார்.

ஒரு பெருநாள் அன்று, விருந்தாளிகள் நடுவில் மருமகனைத் திட்டிவிட்டார். பிரியாணியில் உப்பு குறைவு என்று அவர் ஆரம்பிக்க, கொஞ்சம் தயிர் ஊற்றிக்கொண்டால் சரியாகிவிடும் மாமா என்று மருமகன் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மகள் கை கழுவிவிட்டு, சாப்பிடாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். இவர் வாசலிலேயே நின்றார். பஸ் கீழே வளைவில் திரும்பி, திரும்பி, சத்தம் தேய்ந்து போகிறவரைக்கும் நின்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "எனக்குள்ள ஒருத்தன் இருக்கறான். நான் சொல்லி அவன் கேக்க மாட்டேங்கறான்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறம்தான் ஷெய்கிடம் போனோம். ஷெய்கு என்றால் மனசைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வழி காட்டுகிறவர். மலையடிவாரம் காரவள்ளியில் இறங்கி அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறிப் போகிற சின்ன ஊர் ஒன்றில் இருந்தார். ஒல்லியான மனுஷர், இழுப்பு நோய்க்காரர், பேச்சுக்கு நடுவில் கிராம்பைச் சப்பிக்கொள்வார். அவர் கையில் கைவைத்து இவர் வாக்குக் கொடுத்தார். பெண்கள் வாக்குக் கொடுக்கும்போது கையைத் தொடுவதில்லை. ஒரு வெள்ளைத் துணியின் ஒரு முனையை ஷெய்கு பிடித்துக்கொள்வார், திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். துணி நல்ல துணி. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வையுங்கள்.

ஷெய்கு சொல்வார்: கல்பு, அதாவது உள்ளம், ஒரு சட்டி மாதிரி. அடுப்பில் வைக்க வைக்கக் கரி ஏறும். இறைவன் பேரைச் சொல்லிச் சொல்லித் தேய்க்க வேண்டும், அதுதான் திக்ரு. தேய்க்க விடாமல் கையைப் பிடித்து இழுக்கிற ஒன்று உள்ளே இருக்கிறது, அதுதான் நப்ஸு. சட்டி என்று சொன்னதால் எனக்குச் சட்டென்று புரிந்தது. ஆண்களுக்குப் புரிந்ததா என்று தெரியாது, அவர்களில் யார் சட்டி தேய்த்தார்கள்.

சில மாதம் கழித்து இவர் கல்வத்து இருக்க அனுமதி கேட்டார். கல்வத்து என்றால் ஆளோடு பேசாமல், ஆள் முகம் பார்க்காமல், ஓர் அறைக்குள் தனியாக இருந்து திக்ரு செய்வது. பெரிய மனுஷர்கள் நாற்பது நாள் இருப்பார்களாம். ஷெய்கு இவரைப் பார்த்துச் சிரித்தார்.

"நாப்பது நாள் உங்களுக்கு வேணாம். உங்க ஊட்டம்மா பேச ஆளில்லாம நோவுல விழுந்துடுவாங்க. ஒரு ஜும்ஆ தொழுதுட்டு உள்ள போங்க. அடுத்த ஜும்ஆவுக்கு வந்துடுங்க, போதும்."

அப்புறம் திரைப் பக்கம் திரும்பி என்னிடம் சொன்னார். "அம்மா, காவல் நீங்கதான். ஒளுவோட சமைக்கணும். கிண்டும்போது நாவுல திக்ரு இருக்கணும். கோவத்தோட கரண்டியைத் தொடக்கூடாது. உங்க கோவம் அவருக்கு வயித்துல போயி உக்காந்துக்கும்."

"அப்ப அவரு பட்டினிதானுங்க" என்றேன்.

ஷெய்குக்குச் சிரித்துச் சிரித்து இழுப்பு வந்துவிட்டது. அவருக்கு வெந்நீர் கொண்டுவர ஓடினார்கள்.

அறைக்கு எங்கே போவது? மிளகு போட்டு வைக்கிற அறைதான் காலியாக இருந்தது. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் உள்ளே வெறும் சாக்குகள்தான். பின்பக்கம் ஒரு கதவு உண்டு, குளிக்கவும் மற்றதுக்கும் அந்த வழியே போய்க்கொள்ளலாம். முன்கதவின் கீழே தட்டு நுழைகிற அளவு சந்து. நான் பெருக்கித் துடைத்தேன், சுவரில் ஏறிய மிளகுத் தூளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தச் சுவரைத் தொட்டாலே மூக்கு அரிக்கும்.

வெள்ளிக்கிழமை கீழே போய் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர், சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் உள்ளே போனார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் என்னை ஒருமுறை பார்த்தார். ஊருக்குப் போகிற மாதிரி இருந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே பெரிய தும்மல். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தும்மி இறைவனைப் புகழ்ந்தவருக்குக் கேட்டவர் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பேசக்கூடாதே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு தவித்தேன். போனில் ஷெய்கிடம் கேட்டதற்கு, தும்மலுக்குப் பதில் பேச்சில் சேராது, சொல்லுங்கள் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவர் தும்முவார், "யர்ஹமுகல்லாஹ்" என்பேன். இறைவன் உங்கள்மேல் இரக்கம் காட்டட்டும் என்று அர்த்தம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த வாரம்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தையாகவே பேசிக்கொண்டது.

போன் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக் குச்சிக்கிழங்கு வயலைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறினால் கிடைக்கும். கீழேயிருந்து வேலைக்கு வந்த டீச்சரம்மா ஸ்கூல் விட்டதும் அங்கே நின்றுதான் தன் பிள்ளைகளுக்குப் போனில் பாடம் சொல்லிக்கொடுப்பார். அந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கில் தப்பு விடுவார்கள் என்பது எனக்கே தெரியும்.

முதல் சில நாள் ஒழுங்காகப் போனது. நான் தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி ஒளு செய்து, திக்ரு சொல்லிக்கொண்டே சாமைச் சோறு பொங்கினேன், பருப்புக் கடைந்தேன். தட்டு உள்ளே போகும், காலியாக வெளியே வரும். உள்ளே அவருடைய திக்ரு ரீங்காரம் மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு மூடுபனி இறங்கியது. கார்த்திகையில் எங்களுக்கு மத்தியானத்திலேயே எதிரில் உள்ள சில்வர் ஓக் மரங்கள் காணாமல் போய்விடும், அதில் ஏறிய மிளகுக் கொடிகளும் போய்விடும், வீடு மட்டும் தனியாக எங்கோ நிற்கிற மாதிரி இருக்கும். அப்படி ஒரு மத்தியானம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். திக்ரு நின்றுவிட்டது. அப்புறம் பேச்சுக்குரல் கேட்டது.

ஒரு குரல் இல்லை. இரண்டு.

வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி. ஆனால் ராகம் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று கெஞ்சியது. இன்னொன்று முடியாது, முடியாது என்றது. கெஞ்சுகிற குரல் மேலே மேலே ஏறியது, மறுக்கிற குரல் அதே இடத்தில் நின்றது. பின்கதவு வழியாக யாராவது போய்விட்டார்களா என்று சுற்றிப் போய்ப் பார்த்தேன். பின்கதவு சாத்தியிருந்தது, ஈர மண்ணில் கால்தடம் எதுவும் இல்லை. திரும்பி வந்தபோது குரல் இல்லை. பூண்டுத் தோல் முறத்தில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அதே நேரம் அதே ராகம் கேட்டது. அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்திருந்தாள். சாமையும் மிளகும் போடுகிற மலைக்காரப் பெண், எனக்கு ரொம்ப நாள் சிநேகிதி. அவளும் கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை என்று இப்போது சாதிக்கிறாள்.

"பாயம்மா, உள்ள பாயி தனியாத்தானுங்களே இருக்காரு?"

"ஆமாங்க."

"அப்ப அது யாருங்க?"

"திக்ரு சொல்றாரு."

"ரெண்டு தொண்டையிலயா சொல்லுவாங்க? நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்த மலையில பாவை இருக்கா. தனியா இருக்கற ஆம்பளையப் பாத்துச் சிரிப்பா. சிரிச்சுட்டா, அந்த ஆளு திரும்பி வருவாரு, ஆனா உள்ள அந்த ஆளு இருக்க மாட்டாரு."

"எங்கூட்டுக்காரரப் பாத்து எந்தப் பாவையும் சிரிக்காது. சிரிச்சா அவளையும் திட்டுவாரு."

"அதான் திட்டற சத்தமே காணமே" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். அவளை வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பினேன். அந்தக் கையோடு போய்க் குழம்பை இறக்கினேன், தட்டில் ஊற்றினேன், சந்தில் தள்ளினேன்.

தட்டு அப்படியே வெளியே வந்தது.

அப்புறம் தும்மலும் இல்லை. திக்ரும் இல்லை. கதவில் காதை வைத்தேன், மூச்சுக்கூடக் கேட்கவில்லை. மிளகு நெடிதான் வந்தது. கதவைத் தட்டலாமா? தட்டினால் இத்தனை நாள் இருந்தது வீணாகிவிடும், அவர் ஆயுசுக்கும் என்னைச் சொல்லிக்காட்டுவார். தட்டாமல் இருந்து அவருக்கு உள்ளே ஏதாவது ஆகியிருந்தால்? என் கை கதவு வரைக்கும் போய்விட்டது. அப்புறம் கிழங்கு வயலில் விழுந்து எழுந்து பாறைக்கு ஓடினேன். டீச்சரம்மா என் முகத்தைப் பார்த்து, பிள்ளைகளைப் பெருக்கல் கணக்கில் விட்டுவிட்டு இறங்கிக்கொண்டார்.

ஷெய்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிராம்பைச் சப்புகிற சத்தம் கேட்டது.

"குழம்பு எப்படி வெச்சீங்க அம்மா?"

"ஆளு பேச்சில்லாம கிடக்கறாருங்க, நீங்க குழம்பக் கேக்கறீங்களே."

"கோவமா வெச்சீங்களா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்த ரெண்டு குரல்ல எது கெஞ்சுச்சு?"

"எதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"கெஞ்சறதுதான் நப்ஸு. அது மிரட்டும்னு எல்லாரும் நெனைச்சுக்கறாங்க. அது மிரட்டாது. பழகினதைக் குடு, பழகினதைக் குடுன்னு குழந்தை மாதிரி அழும். அதான் அதுகிட்ட ஜெயிக்க முடியறதில்லை." கொஞ்சம் இருமினார். "கதவைத் திறக்காதீங்க. மறுபடி ஒளு செஞ்சு, மறுபடி சமைங்க. போங்க தாயி."

போனேன். அழுதுகொண்டே சமைத்தேன், அழுகை கோபத்தில் சேராது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தட்டைச் சந்தில் தள்ளிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். பனி வாசலைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டது, என் கால் விரல் எனக்கே மங்கலாகத் தெரிந்தது. எவ்வளவு நேரமோ. அப்புறம் உள்ளே, கூரை அதிரத் தும்மல்.

"அல்ஹம்துலில்லாஹ்."

நான் "யர்ஹமுகல்லாஹ்" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வெளியே வந்தார். தாடி வளர்ந்திருந்தது, முகம் மெலிந்திருந்தது. அவசரத்தில் சோறு போட்டேன். அப்புறம்தான் குழம்பில் உப்பே போடவில்லை என்று ஞாபகம் வந்து, கதவோரம் நின்றேன். அவர் சாப்பிட்டார். கை கழுவினார். "நல்லாயிருந்துச்சு" என்றார்.

நான் பக்கத்தில் போய் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன்.

அதற்கப்புறம் வீட்டில் வேறு யாரோ இருக்கிற மாதிரிதான் இருந்தது. முன்னெல்லாம் அவர் வருவது ரோட்டு வளைவிலேயே தெரியும், செருப்புச் சத்தமும் திட்டும் சேர்ந்து வரும். இப்போது திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றுகொண்டிருப்பார், எப்போது வந்தார் என்றே தெரியாது. டீ ஆறியிருந்தால் ஆறிய டீயைக் குடிப்பார். மகள் வீட்டுக்குப் போய் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார், நான் பாறைக்குப் போன நேரம் மகள் போன் போட்டு, "அத்தா தங்கமா மாறிட்டாரும்மா" என்று அழுதாள். எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் அவர் தொழும்போது அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சட்டை அவருடையது. கழுத்து மச்சம் அவருடையது. உள்ளே இருப்பது யார்? தோட்டத்துக்காரி வேலியோரம் நின்று, "நான்தான் சொன்னேனுங்களே" என்பாள்.

சோதித்துப் பார்ப்போம் என்று உப்பைக் கூட்டினேன். சாப்பிட்டார். மறுநாள் இன்னும் கொஞ்சம். சாப்பிட்டுவிட்டுச் செம்புத் தண்ணீரைக் குடித்தார். அதற்கு மறுநாள் கை நிறைய அள்ளிப் போட்டேன். எப்போதும் அவர் சாப்பிட்டபிறகுதான் நான் உட்காருவேன், அன்றைக்கு அந்தக் குழம்பை ஒரு வாய் வைத்தேன், விழுங்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர் தட்டு வழித்துச் சாப்பிட்டிருந்தார்.

எழுந்து போனேன். அவர் மிளகு அறையில் சாக்குகளைத் தட்டி மடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஏனுங்க, நீங்க யாருங்க?"

"இதென்ன கேள்வி?"

"எங்கூட்டுக்காரரு எங்கீங்க? அவரை என்ன பண்ணினீங்க?"

"உனக்கென்ன பித்துப் புடிச்சிருக்குதா?"

"ஆமாங்க. இதே மாதிரி இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ஒரு தடவை திட்டிடுங்க, மெதுவாத் திட்டினாக்கூடப் போதும்."

"மாட்டேன்."

"கழுதைன்னாச்சும் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"இத்தனை வருசமாச் சொன்னீங்களே. இப்ப எனக்கு வேணும்னு கேக்கறேன், இப்பச் சொன்னா என்னங்க?"

"முடியாது. நீ கேட்டாலும் முடியாது."

நான் இன்னும் குரலை ஏற்றினேன். அவர் அதே இடத்தில் நின்று முடியாது என்றார். திடீரென்று அவர் கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இதே மாதிரிதான்" என்றார்.

"எது?"

"நான் உள்ள இருந்தப்போ, மத்தியானத்துல, கதவுக்கு வெளியே நீ யார்கிட்டயோ கெஞ்சுவியே. அந்த ஆளு முடியாதுன்னு சொல்லுவானே. யாரு அவன்னு கேக்கணும்னு இருந்தேன்."

"நான் எங்கீங்க பேசினேன்? நீங்கதானுங்களே உள்ள யாரோடயோ பேசினீங்க. ஒண்ணு கெஞ்சும், ஒண்ணு முடியாதுங்கும்."

"திக்ரும் தும்மலும் தவிர நான் வாயே திறக்கலை."

"அந்தக் குரல் கேக்கறப்ப நானும் வாயே திறக்கலீங்க."

இருவரும் கதவைப் பார்த்தோம். அவர் உள்ளேயிருந்து கேட்டது, நான் வெளியேயிருந்து கேட்டது, இரண்டும் இந்த ராகம்தான். இப்போது நாங்கள் போட்ட இதே ராகம். நாங்கள் பேசாதபோது எங்கள் பேச்சை அந்தக் கதவு எங்களுக்குப் பேசிக் காட்டியிருக்கிறது. எனக்கு முதுகில் பனி இறங்கியது. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை என் கைமேல் வந்தது, அதுவும் நடுங்கியது. பேய் பிடித்த ஆளுக்கு இப்படி நடுங்காது என்று அப்போது தோன்றியது.

"அன்னிக்கு ஏன் சாப்பிடலை?" என்று கேட்டேன்.

"உப்பு. வாயில வெச்சதும் திட்டு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. வாயைத் திறந்தா வெளிய வந்துடும்னு திக்ருகூடச் சொல்லாம உக்காந்திருந்தேன். தும்மலையும் அடக்கிக்கிட்டேன்." பிறகு சாக்கு நூலைப் பிரித்துக்கொண்டே, தரையைப் பார்த்து, யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னார். "இன்னிக்கும் உப்பு ஜாஸ்திதான். நேத்தும். முந்தாநாளும். மனுசன் திங்க முடியலை. திட்டாம எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. எனக்கு அது ஒரு வழிதான் தெரியும்."

நான் அந்த மிளகுச் சாக்குமேல் உட்கார்ந்து சிரித்தேன். அழுதேனா சிரித்தேனா, ரெண்டும்தான். என் வீட்டுக்காரர் உள்ளேயேதான் இருந்தார். எங்கேயும் போகவில்லை. உப்பெல்லாம் தெரிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாறைக்குப் போய் ஷெய்கிடம் சொன்னேன். அவர், "அப்ப கெஞ்சினது யாரும்மா?" என்று கேட்டார். நான்தானுங்க என்றேன். அவர் சிரித்து இழுப்பு வந்து போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார். அப்புறம்தான் எனக்கு அந்த வெள்ளைத் துணி ஞாபகம் வந்தது. ஒரு முனையை நானும் பிடித்தேனே, அந்த வாக்கு என்னைச் சும்மாவா விடும்?

இப்போதும் பனி இறங்குகிற மத்தியானங்களில் மிளகு அறைப் பக்கம் அந்த ராகம் கேட்கும். அவர் தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு, "உனக்குக் கேக்குதா?" என்பார். கேக்குதுங்க என்பேன். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து கேட்போம், எனக்கு இன்னும் மயிர் கூச்செறியும், அவர் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்துகொள்வேன். அது அடங்கியதும் எழுந்துபோய்க் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பேன். அவரும் பின்னாலேயே வந்து கையை நீட்டுவார். சப்புக்கொட்டிவிட்டு, வார்த்தையைத் தேடிக்கொண்டு ரொம்ப நேரம் நிற்பார். அந்த நேரம் முழுக்க நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.